பட்டாளம் போன பாட்டுக்காரன்



எங்கள் மட்டக்களப்புக் கூத்திலே கதை தொடங்குமுன் கட்டியகாரன் களரிக்கு வந்து, வரப்போகும் அரசன் யார், அவன் பெருமை என்ன என்று அறிவித்துவிட்டுப் போவான். சபையோர் அதன் பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆறுதலாக இருந்து பார்ப்பார்கள். நானும் அந்த வழக்கப்படி முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கதை அமெரிக்காவில் நடக்கிறது. கொன்ராட் பேர்டி என்று ஒரு பொப் பாடகன். அவன் இடுப்பை ஒருமுறை அசைத்தால் ஊரிலுள்ள குமர்ப்பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, மேயரின் மனைவியும் விழுவார். இப்படிப் புகழின் உச்சியில் நிற்பவனுக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் ஓலை வருகிறது. பட்டாளத்துக்கு வா என்கிறது ஓலை. அவனை நம்பிப் பிழைக்கும் முகாமையாளன் அல்பேட் தலையில் கையை வைக்கிறான். கடன் கழுத்துவரை நிற்கிறது. அவனுடைய செயலாளரும் காதலியுமான றோஸ் ஒரு வழி சொல்கிறாள். பாடகன் பட்டாளம் போகுமுன் கடைசியாக ஒரு பாட்டுப் பாடட்டும். அந்தப் பாட்டின் முடிவில் இரசிகர் மன்றத்துப் பெண்ணொருத்திக்கு நாடே தொலைக்காட்சியில் பார்த்திருக்க ஒரு முத்தம் கொடுக்கட்டும். பாட்டு விற்கும், கடன் தீரும், அல்பேட்டும் இந்தத் தொழிலை விட்டுவிட்டுத் தன்னைக் கட்டிக்கொண்டு எங்காவது ஓர் ஊரில் ஆங்கில ஆசிரியனாகப் போகலாம். (ஆசிரியத் தொழிலைச் சொர்க்கமாகக் காட்டிய நாடகம் இதைப்போல் வேறொன்றை நான் அறியேன். நாடகாசிரியர் எங்கள் சம்பளப் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்.)

ஒஹையோ மாநிலத்தில் சுவீற் அப்பிள் என்றொரு சிற்றூர். அங்கே கிம் என்ற பதினைந்து வயதுப் பிள்ளை தெரிவாகிறாள். ஊர் திருவிழாக் கோலம் பூணுகிறது. தகப்பன் தன் வீட்டில் தனக்கே சாப்பாடு கிடைக்கவில்லை என்று சீறுகிறான். தானும் தொலைக்காட்சியில் தோன்றப்போகிறான் என்று அறிந்ததும் சீற்றமெல்லாம் பறந்துபோகிறது. கிம்மின் காதலன் ஹியூகோவோ நேரடி ஒளிபரப்பின்போது, முத்தம் விழுகிற கணத்திலே, பாடகனின் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். பிறகு நடக்கும் குழப்படிகளைக் கடந்து, பாடகன் பெண்வேடமிட்டுக்கொண்டு அந்த ஊரைவிட்டு ஒருவாறு வெளியேறுகிறான். சுபம்.

"பை பை பேர்டி" என்பது நாடகத்தின் பெயர். 1960 ஏப்ரல் 14 ஆம் திகதி நியூயோர்க் புரோட்வேயிலுள்ள மார்ட்டின் பெக் அரங்கில் மேடையேறியது. கதைவசனம் மைக்கல் ஸ்ரூவேட், இசை சாள்ஸ் ஸ்ரவுஸ், பாடல் லீ அடம்ஸ், நெறியாள்கையும் ஆடலமைப்பும் கவர் சம்பியன். அல்பேட்டாக டிக் வான் டைக், றோஸாகச் சிற்றா றிவெரா. 607 தடவை தொடர்ந்து ஆடப்பட்டு, 1961 ஆம் ஆண்டு சிறந்த இசைநாடகத்துக்கான ரோனி விருதையும் பெற்றது. றொக் அன் றோல் என்ற புதிய இசையை, அதைக் கேட்டு முகஞ்சுளித்த முதியோரின் கோட்டையாகிய புரோட்வேக்குள் கொண்டுவந்த முதல் நாடகங்களுள் ஒன்று என இதைச் சொல்லலாம். ஆனால் கொண்டுவந்த விதம் நூதனமானது. அந்த இசையைப் பகிடி பண்ணிக்கொண்டே அதன் தாளத்தையும் இரவல் வாங்கிக்கொண்டது. இளையவர்களைப் பார்த்து முதியவர்கள் சிரிக்கலாம், முதியவர்களைப் பார்த்து இளையவர்கள் சிரிக்கலாம். ரிக்கற் இரண்டு பேருக்கும் ஒரே விலை.

கொன்ராட் பேர்டி என்பவன் யார் என்று அக்காலத்து அமெரிக்கருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பெயரின் ஓசை கொன்வே ருவிற்றி என்ற இன்னொரு பாடகரின் பெயரைக் கேலிபண்ணியது. ஆளோ எல்விஸ் பிரெஸ்லிதான்.

எல்விஸ் 1935 ஜனவரி 8 இல் மிசிசிப்பி மாநிலத்து ருப்பெலோ என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1956 செப்டெம்பர் 9 ஆம் திகதி எட் சலிவன் நிகழ்ச்சியில் அவர் பாடியபோது ஏறத்தாழ ஆறு கோடிப் பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். மூன்றாம் முறை அழைத்தபோது, இடுப்பசைவு ஒழுக்கக்கேடு என்ற கண்டனத்துக்கு அஞ்சி, 1957 ஜனவரியில் அவரை இடுப்புக்கு மேலே மாத்திரம் காட்டினார்கள். அந்த வருடம் டிசெம்பர் 20 ஆம் திகதி, நத்தார் அட்டைகள் வருகிற காலத்திலே, பட்டாளத்து ஓலை வந்தது. "கிங் கிறியோல்" என்ற படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சிறிது தவணை கேட்கப்பட்டது, கிடைத்தது. 1958 மார்ச் 24 ஆம் திகதி மெம்பிஸ் நகரில் அவர் சேர்க்கப்பட்டார். மறுநாள் ஆர்க்கன்சா மாநிலத்து முகாமில், படப்பிடிப்பாளர் கூட்டத்தின் முன்னிலையில், அந்தப் புகழ்பெற்ற தலைமயிர் கத்தரிக்கப்பட்டது. முடியிறக்கும் நேர்த்திக்கடனுக்குக்கூட அவ்வளவு சனம் கூடியிராது. அவருடைய சேவை இலக்கம் 53310761. மாதச் சம்பளம் 78 டொலர்.

பாட்டுக் கச்சேரிகள் வைத்துப் படையினரை மகிழ்விக்கும் பிரிவில் அவர் சுகமாக இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அவருடைய முகாமையாளர் ரொம் பார்க்கர் செய்யவிடவுமில்லை. மற்றப் பிள்ளைகளைப்போலத் தாங்கிப் படையில் இருந்துவிட்டு வந்தால், இடுப்பசைவைக் கண்டு வெறுத்த பெற்றோரும் இவனை நம் பிள்ளை என்பார்கள் என்பது பார்க்கரின் கணக்கு. அந்தக் கணக்குப் பிழைக்கவில்லை. 1958 செப்டெம்பர் 22 இல் எல்விஸ் புரூக்ளின் துறைமுகத்தில் கப்பலேறி ஜேர்மனிக்குப் போனார். பிறீட்பேர்க் என்ற இடத்தில் மூன்றாம் கவசப் படைப்பிரிவில் இருந்தார். சார்ஜனாகி, 1960 மார்ச் 5 இல் விடுவிக்கப்பட்டார். அதிலிருந்து நாற்பதாம் நாள் புரோட்வேயில் நாடகம் அரங்கேறியது. காற்று வீசும்போது தூற்றத் தெரிந்தவர்கள் அந்த நாடகக்காரர்.

அந்தக் கடைசி முத்தங்கூட வெறும் கற்பனையன்று. எல்விஸ் கப்பலேறுமுன் மகளிர் படைப் பிரிவைச் சேர்ந்த ஒருவருக்கு முத்தம் கொடுத்துப் படமெடுக்கப்பட்டது. பத்திரிகைக்காக ஒழுங்குசெய்யப்பட்ட முத்தம். நாடகாசிரியருக்கு அது போதுமாயிருந்தது.

இந்த நாடகம் 1961 இல் இலண்டன் போயிற்று. அங்கே கொன்ராட் பேர்டியாக நடித்தவர் மார்ட்டி வைல்ட் என்ற உண்மையான றொக் பாடகர். பிரித்தானியாவிலும் கட்டாய தேசிய சேவை இருந்தது. பாதத்தில் குறையென்று அவர் விலக்கப்பட்டவர். பட்டாளம் வேண்டாமென்று திருப்பியனுப்பியவர் மேடையில் பட்டாளத்துக்குப் போனார். அவரோடொத்த இன்னொருவர் ரெறி டீன். அவரை 1959 ஜனவரியில் பிடித்தார்கள். எல்விசைப்போலவே அவருக்கும் படப்பிடிப்பாளர் கூட்டம் முகாம் வாசல்வரை வந்தது. ஆனால் அவருடைய மனம் அதைத் தாங்கவில்லை. இரண்டு மாதமளவில் மனநலம் குன்றியவர் என்று விடுவிக்கப்பட்டார். அவ்வளவு நாளும் கைதட்டிய சனம் பிறகு நையாண்டி பண்ணியது. அவர் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. எல்விசின் கதையிலிருந்து இசைநாடகம் பிறந்தது. ரெறி டீனின் கதையிலிருந்து ஒன்றும் பிறக்கவில்லை. ஒரே ஓலைதான் இரண்டு பேருக்கும் வந்தது என்பதை நான் இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன்.

1963 இல் ஜோர்ஜ் சிட்னியின் நெறியாள்கையில் நாடகம் படமாயிற்று. கிம்மாக நடித்த ஆன் மார்கிறெற் ஒரே நாளில் நட்சத்திரமானார். நான் முதலில் பார்த்தது இந்தப் படத்தைத்தான்; அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எல்விசின் குரல் எங்கள் தீவுக்கு எப்படி வந்தது? 1950 செப்டெம்பரில் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அக்காலத்தில் ஆசியாவெங்கும் கேட்டது. அகில இந்திய வானொலி 1952 இல் திரைப்பாடல்களைத் தள்ளிவைத்தபோது, இந்தியர்கூடக் கொழும்புக்கே காதைத் திருப்பினார்கள். ஆங்கிலப் பாட்டும் அதே அலையில் வந்தது. எங்கள் மட்டக்களப்பிலோ அதற்கு முன்பே ஒரு தாளம் இருந்தது. போர்த்துக்கேயப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினோடு எழுந்த கவ்றிஞ்ஞாத் தாளம் அது. தென்னிலங்கையிலே அத்தாளத்தைப் பைலாவாக்கி ஊரெல்லாம் பாடவைத்தவர் வொலி பஸ்டியன். அவர் பொலிஸ் சேவையில் இருந்தவர். அமெரிக்காவிலே பாட்டுக்காரனுக்குச் சீருடை மாட்டினார்கள். எங்கள் நாட்டிலே சீருடைக்காரன் பாட்டுக்காரனானான். பின்னர் நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே", ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி" என்று தமிழ்ப் பொப் இசை கொடிகட்டிப் பறந்தது. 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமான செய்தியை வானொலியில் கேட்டபோது, எங்கள் ஆசிரியர் விடுதியில் பென்சனுக்குக் கிட்டிய ஒரு கணக்கு ஆசிரியர் மேசையில் விரலால் தாளம் போட்டார். நான் அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

ஆனால் எங்கள் பொப் பாடகர் யாருக்கும் பட்டாளத்து ஓலை வரவில்லை. இலங்கை அரசு ஒரு காலத்திலும் கட்டாய இராணுவ சேவையை நடைமுறைப்படுத்தியதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் சேர்ந்தவர்கள் தாமாகச் சேர்ந்தவர்களே. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் "ஹேர்மிஸ்" என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகப்போர் எங்கள் கரைக்கு அவ்வளவு கிட்ட வந்தது. எங்கள் வீட்டுப் படலைக்கு வரவில்லை. தமிழகத்திலே அந்தப் போருக்காக அரசின் தூண்டுதலில் படம் எடுத்தார்கள். "பர்மா ராணி", "மான சம்ரட்சணம்", "கண்ணம்மா என் காதலி" மூன்றும் 1945 இல் வந்தவை. நட்சத்திரம் பட்டாளத்துக்குப் போகவில்லை. பட்டாளம் படத்துக்குள் வந்தது. புகழின் உச்சியில் ஒரு பாட்டுக்காரன் பறிக்கப்பட்ட கதை தமிழிலே வேண்டுமென்றால் தியாகராஜ பாகவதரைத்தான் சொல்லவேண்டும். "ஹரிதாஸ்" திரையில் ஓடிக்கொண்டிருக்க, 1944 இறுதியில், இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1947 இல் விடுதலையாகி வந்தபோது பாகவதரின் காலம் போய்விட்டிருந்தது. எல்விஸ் இரண்டு வருடத்தில் திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பாகவதருக்கு அந்தக் கொடுப்பனவு இல்லை. அதை வைத்துப் பகிடி நாடகம் எழுத யாருக்கும் கை வரவில்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் தரித்து நிற்கவேண்டியிருக்கிறது. அமெரிக்கருக்கு அந்தக் கை எப்படி வந்தது?

1960 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கொரியப் போர் 1953 இல் ஓய்ந்துவிட்டது. வியட்நாம் இன்னும் வீட்டுக்குள் நுழையவில்லை. பட்டாளம் என்றால் தலைமயிர் வெட்டு, கிழங்கு தோலுரிப்பு, ஜேர்மனியில் இரண்டு வருடம், பிறகு வீடு. ஓலை வந்தவன் திரும்பி வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வருவான் என்ற உறுதி இருக்கிறபடியால் அழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். நாடகத்தின் அத்திவாரம் அந்த உறுதிதான். அது எந்த வசனத்திலும் இல்லை.

அந்த உறுதி அதிக நாள் நிலைக்கவில்லை. 1965 இலிருந்து வியட்நாமுக்குப் படை படையாக அனுப்பினார்கள். 1966 இல் ஆன் மார்கிறெற் வியட்நாம் போய்ப் படையினர் முன்னிலையில் பாடினார். பட்டாளம் போகிற பாடகனுக்காகத் திரையில் அழுத அதே பிள்ளை, மூன்று வருடத்தில், பட்டாளம் போனவர்களுக்குப் பாடப்போனார். 1967 இல் முகம்மது அலி சேர மறுத்துப் பட்டத்தை இழந்தார். அதே வருடம் நியூயோர்க்கில் "ஹெயர்" என்ற இன்னொரு இசைநாடகம் வந்தது. அதிலும் ஓர் இளைஞனுக்கு ஓலை வருகிறது, அதிலும் தலைமயிர் வெட்டப்படுகிறது. ஆனால் அவன் முடிவில் பிணமாகக் கிடக்கிறான். இரண்டு நாடகத்துக்குமிடையே ஏழு வருடம். கட்டாயச் சேர்ப்பு 1973 இல் நின்றது. 1981 இல் பழைய குழுவினர் "பிறிங் பாக் பேர்டி" என்று தொடர்ச்சி ஒன்று போட்டார்கள். நாலு காட்சியோடு அதை மூடிவிட்டார்கள். மூலநாடகம் மட்டும் அமெரிக்கப் பாடசாலை மேடைகளில் இன்றும் ஆடப்படுகிறது.

தென்கொரியாவிலே பி.ரி.எஸ். பாடகர்கள் 2022 டிசெம்பரிலிருந்து ஒருவர்பின் ஒருவராகப் பட்டாளம் போய், 2025 யூன் மாதத்துக்குள் எழுவரும் திரும்பிவிட்டார்கள். என் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் கொப்பியின் பின்பக்கத்தில் அவர்கள் வீடு திரும்பும் நாளைக் கணக்குப்பண்ணி எழுதியிருந்ததைக் கண்டேன். கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

இனி என் கதை. 2003 ஆம் ஆண்டு. முதல் வருடம் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை இருந்தது, வீதி திறந்திருந்தது, நான் பல்கலைக்கழகத்திலே படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பாடத்தில் எங்களுக்குக் காது பழகவேண்டுமென்று விரிவுரையாளர் ஒருவர் இந்தப் படத்தை வீடியோவில் போட்டார். மொழி பாதி விளங்கவில்லை. ஆனாலும் ஹியூகோவின் குத்து விழுந்தபோது வகுப்பே எழும்பிநின்று கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த வார இறுதியில் ஊருக்கு வந்தேன். எங்கள் பெரியகல்லாறு, நேயர்கள் அறிவீர்கள், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாய் நடுவே கிடக்கிற ஒடுங்கிய நிலம். வீட்டுக்குள்ளே போனால் படுவான்கரையிலிருந்து சின்னம்மா வந்திருந்தார். கூடவே அவருடைய மகன், பதினாறு வயது. பொடியன் மூலையில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான். கொடியிலே சின்னம்மாவின் நூற்சேலை ஒன்று ஈரமாய்த் தொங்கியது.

அது ஆட்பிடிப்புக் காலம். யார் பிடித்தார்கள் என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை, கேட்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கொரு பிள்ளை என்ற பேச்சு அயலில் வந்ததும், சின்னம்மா இரவோடிரவாகத் தன் சேலையைப் பொடியனுக்கு உடுத்தி, முக்காடிட்டு, தோணியின் நடுவில் இருத்தி, மடியில் ஒரு பனையோலைக் கடகத்தையும் கொடுத்து வாவியைக் கடந்து வந்திருக்கிறார். யாரும் கேட்டால் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற மருமகள் என்று சொல்ல நினைத்தாராம். யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவன் பதினொரு மாதம் இருந்தான். பகலில் வெளியே போவதில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவான். இரவில் நான் அவனுக்குக் கதை சொல்வேன். படத்தின் கதையையும் சொன்னேன். பாட்டுக்காரனைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்றதும் அவன் கேட்ட முதற்கேள்வி, "அவன் எங்க ஒளிச்சவன், அண்ணே?" என்பதுதான். ஒளிக்கவில்லை, ஊரே மேளதாளத்தோடு வழியனுப்பியது என்றேன். நான் இடையில் எதையோ விட்டுவிட்டேன் என்று அவன் நினைத்திருப்பான்.

பல வருடம் கழித்து நாடகத்தின் மேடைப்பிரதி கையில் கிடைத்தது. அதில் பாடகன் பெண்வேடம் பூண்டு தப்பும் கட்டம் வந்தபோது, நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். நாடகத்தில் அவன் சேலைகட்டித் தப்பிப்போவது பட்டாளத்துக்கு!

தமிழாசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். புறநானூற்றின் 279 ஆம் பாட்டை நேயர்கள் படித்திருப்பீர்கள். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முதல்நாட் போரிலும் அதன்பின்னைப் போரிலும் தன் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்த ஒருத்தி, இன்று பறையொலி கேட்டதும், ஒரேயொரு மகனுக்குத் தலைமயிரை எண்ணெய் பூசிச் சீவி, வேலைக் கையில் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். இருபது வருடமாக இதை மறக்குடி மகளிரின் வீரம் என்று படிப்பித்து வருகிறேன். விடைத்தாளுக்கும் அதுவே வேண்டும். சென்ற வருடம் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழும்பி, "சேர், அந்தப் பொடியனுக்குப் போக விருப்பமோ எண்டு பாட்டில இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. பாட்டில் அவன் வாய் திறப்பதேயில்லை. தலைமயிர் மட்டும் இருக்கிறது. எல்விசின் கதையிலும் தலைமயிர்தான் முன்னுக்கு நின்றது என்ற நினைவு எனக்கு அப்போதுதான் வந்தது.

அந்தக் கேள்வியின் சூட்டிலேதான் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கு "பை பை பேர்டி"யைத் தழுவி ஒரு நாடகம் எழுதத் தொடங்கினேன். எங்கள் நாட்டில் கட்டாயச் சட்டம் இல்லாதபடியால் கதையைப் பெயரில்லாத ஓர் அரசனுடைய நாட்டில் வைத்தேன். வடமோடிக் கொலுவரவோடு அரசன் வந்து முரசறைவிக்கிறான். முத்தத்துக்கு எங்கள் மேடையில் இடமில்லை. அதைப் பொன்னாடையாக மாற்றினேன். கிழக்கிலே பொன்னாடை போர்க்காத விழா ஏது? குத்து மட்டும் குத்தாகவே இருந்தது. எழுதியவரை என் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்த பொடியனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, களுவாஞ்சிகுடியில் ஓட்டோ ஓடுகிறான், மூன்று பிள்ளைகள். ஓட்டோவுக்குள் இருந்தபடியே வாசித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, சேலையை அவனுக்கு ஆர் கட்டிவிட்டது எண்டு எழுதல்லையே? அம்மா எனக்குக் கட்டேக்க ஊசி குத்திப் போட்டா. அதையும் போடுங்க, சனம் சிரிக்கும்" என்றான். எனக்குத் தைரியம் வந்தது. பாதிக்கப்பட்டவனே சிரிக்கிறான் என்றால் நான் ஏன் தயங்கவேண்டும்?

அந்தத் தைரியத்தோடு சின்னம்மாவிடம் போனேன். இப்போது கண் மங்கல். நான்தான் வாசித்துக் காட்டினேன். அரசன் வருகிற இடத்தில் தலையை ஆட்டிக் கேட்டார். பொன்னாடைக் கட்டத்தில் லேசாய்ச் சிரித்தார். முரசறைகிற கட்டத்தில் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளிவைத்தார்.

"புள்ளைகளைப் பிடிக்கிறது பகிடியா, மனே?"

நான் அமெரிக்காவைச் சொன்னேன், 1960 ஐச் சொன்னேன், திரும்பி வருகிற உறுதியைச் சொன்னேன். வானொலியில் பேசுவதைப் போலவே பேசினேன். அவர் அதெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பாட்டுக்காரப் பொடியன்ட தாய் அப்ப உசிரோட இருந்தவவா?" என்றார்.

நாடகத்தில் பாடகனுடைய தாய் வருவதேயில்லை. முகாமையாளன் அல்பேட்டின் தாய்தான் வருகிறாள். மகனைக் கல்யாணம் பண்ண விடாமல் செத்துப்போகப் போகிறேன் என்று மிரட்டிக்கொண்டே இருக்கும் சிரிப்புப் பாத்திரம். உண்மையான எல்விசுக்கு ஒரு தாய் இருந்தார். கிளாடிஸ் என்பது பெயர். இரட்டைப் பிள்ளையில் ஒன்று இறந்து பிறக்க, மற்றதைப் பொத்திப்பொத்தி வளர்த்தவர். மகன் பயிற்சிக்காக டெக்சாசில் இருந்தபோது நோயுற்றார். 1958 ஓகஸ்ட் 14 ஆம் திகதி மெம்பிசில் இறந்தார்.

"அவன் பட்டாளத்துக்குப் போன அஞ்சாம் மாதம் செத்துப்போனா, சின்னம்மா."

"அவன் வந்து பார்த்தவனா?"

"லீவு குடுத்தவங்க. உசிரோட இருக்கேக்கையே வந்து பார்த்தவன்."

சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே ஓட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. தட்டத்தை மறுபடியும் கிட்ட இழுத்துக்கொண்டு, "அப்ப அதையும் எழுதிப் போடு" என்றார்.

போட்டி விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பிரதியில் மூன்றாம் காட்சிக்கும் நாலாம் காட்சிக்கும் இடையில் இரண்டு வெற்றுத்தாள் வைத்துத் தைத்திருக்கிறேன்.